முப்பத்தாறு அங்குல அடிவானம்

தையலம்மாவின் உயரம் நாலடி ஏழு அங்குலம். இதைச் சொல்ல அவள் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. முப்பது வருடமாகத் தெருவில் உள்ளவர்களின் தோளையும் இடுப்பையும் அளந்து துணி வெட்டியவளுக்கு உடம்பு என்பது வெறும் எண்கள். எண்ணில் என்ன வெட்கம்? அவளை உறுத்தியது ஒரே ஒரு விஷயம்தான். சொந்த வீட்டுச் சமையலறையில் அவள் ஒரு பலகை மேல் ஏறி நின்று சமைக்க வேண்டியிருந்தது.

அடியில் நாலு கட்டை அடித்த சின்னப் பலகை அது. ஆறு அங்குல உயரம். அடுப்பிலிருந்து பாத்திரத் தொட்டிக்குப் போக வேண்டுமானால் இறங்கி, பலகையைக் காலால் தள்ளி, மறுபடி ஏற வேண்டும். ஒரு வேளைச் சமையலுக்குள் நாற்பது தடவையாவது ஏறி இறங்குவாள். ஒரு நாள் அப்படி ஏறும்போது வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். மணிக்கட்டு அப்படிச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அது தன் கருத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

"நான் ரிட்டயர் ஆனதும் முதல் வேலை, உன் உயரத்துக்கு அளவெடுத்து ஒரு சமையலறை" என்று அவள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கல்யாணமான புதிதில் சொன்னது. பிறகு மணிக்கட்டு உடைந்தபோது இன்னொரு முறை சொன்னார். அவள் நம்பினாள். இதைக் குறித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் நடந்ததில் தவறு என்று ஏதாவது இருந்தால் அது இந்த நம்பிக்கைதான் என்று பின்னால் எழுத்து மூலமாகவே தெரிவிக்கப்பட்டது.

வீட்டுக்காரர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தவர். முப்பத்து நான்கு வருடம் பெரிய பெரிய வீடுகளின் வாசல் வரைக்கும் போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பியவர். உள்ளே வாங்க என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அந்த வீடுகளில் சிலவற்றின் வாசலில் மட்டும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். 'தனித்துவ இல்லம்' என்று அதில் பொறித்திருக்கும். ஓய்வு பெற்ற மறு வாரமே, அந்தத் தகடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

தனித்துவ இல்ல வடிவமைப்பு மன்றம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவர்களுக்குத்தான் தகுதி உண்டாம். கதவில் கைப்பிடியும் கிடையாது. இருவரும் கால் மணி நேரம் கதவை அங்கேயும் இங்கேயும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உள்ளே இருந்து வந்தவர்தான் முதன்மை வடிவமைப்பாளர். கழுத்து வரை பொத்தான் போட்ட சாம்பல் நிறச் சட்டை. தோள் ஒரு அங்குலம் தொங்குவதைத் தையலம்மா முதல் பார்வையிலேயே கவனித்தாள். அப்போதே அவள் கிளம்பியிருக்கலாம்.

"கைப்பிடி வைக்கிறது கையை அவமானப்படுத்துற மாதிரிங்க. உக்காருங்க" என்றார் முதன்மை.

உட்கார நாற்காலி எது, சிற்பம் எது என்று தெரியாமல் வீட்டுக்காரர் நின்றுகொண்டே பேசினார்.

"எங்களுக்கு ஒரு சமையலறை கட்டணும் சார்."

"நாங்க கட்டுறது இல்லைங்க. வீடு எதைச் சொல்ல நினைக்குதோ அதைச் சொல்ல விடுறோம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குச் சொல்ல ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

பார்ப்பதற்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சுவர்களைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஒருவர் கூடத்தின் நடுவில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். அவர் தூங்கிவிட்டார் என்று தையலம்மா போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். அதையும் மூன்றாமவர் குறித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. 'இந்த வீட்டில் தனித்துவமாக எதுவுமே இல்லை. எமது அனுபவத்தில் இவ்வளவு முழுமையாக எதுவும் இல்லாத வீட்டை நாங்கள் கண்டதில்லை. எனவே இது தனித்துவமானது. அனுமதி வழங்கப்படுகிறது.'

வீட்டுக்காரர் அறிக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினார். பார்க்க வந்த அந்த மூவர் திரும்பும்போது பலகையையும் ஆய்வுக்கு என்று எடுத்துப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து தையலம்மா ஒரு தலைகீழ் வாளியின் மேல் நின்று சமைத்தாள்.

அடுத்தது 'கேட்டறிதல்'. மூன்று நாள். அதற்கென்று மன்றத்தில் ஒரு பெண் இருந்தாள். பதவியின் பெயர் கேட்பாளர். நல்ல மெல்லிய குரல், மடியில் தடித்த நோட்டு. ஒரே ஒரு விதி உண்டு என்றாள் அவள். சமையலைப் பற்றிப் பேசக் கூடாது.

"ஒரு இழுப்பறை திறக்கும்போது நீங்க யாரும்மா?"

"இழுப்பறையத் திறக்கிறவ."

"உங்க கோபத்துக்கு எங்க இடம் வைக்கலாம்?"

"மிக்ஸி பக்கத்துல வைங்க. சத்தம் கேக்காது."

கேட்பாளர் எல்லாவற்றையும் எழுதினாள். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் நோட்டை மூடிவிட்டு, "அந்தப் பலகையப் பத்திச் சொல்லுங்களேன்" என்றாள். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, தையலம்மா சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லாததை.

"விழுந்தேன்ல, அன்னிக்கு உடனே எந்திரிக்க முடியல. அடுப்புல எண்ணெய் காஞ்சிட்டு இருக்கு. தவழ்ந்து போய்க் கரண்டிக் காம்பாலதான் அடுப்ப அணைச்சேன். கால் மணி நேரம் கீழயே கிடந்தேன். அவரு கூடத்துல டி.வி. பாத்துட்டு இருந்தாரு. சத்தம் கேட்டிருக்கும். கேக்காம இருக்காது, பாத்திரமும் சேந்துல்ல விழுந்துச்சு. வரல. கொஞ்ச நேரம் கழிச்சு, 'டீ ஆச்சா?'ன்னு ஒரு குரல். நான் 'இதோ'ன்னேன். எந்திரிச்சு ஒரு கையால டீ போட்டுக் கொண்டு போய்க் குடுத்துட்டு, அப்புறம்தான் கை வலிக்குதுன்னு சொன்னேன்."

கேட்பாளரின் கண் நிறைந்துவிட்டது.

"இத எழுதிடாதம்மா. நான் அப்படிக் கிடந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

"இங்க சொல்றது இங்கயே இருக்கும்மா" என்றாள் கேட்பாளர், நோட்டைத் திறந்தபடி.

மறு வாரம் அட்டைச் சமையலறை. இது மன்றத்தின் பேர்போன வழக்கம். மேடை, அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முழு அளவில் அட்டையில் செய்து நிறுத்தி, வாடிக்கையாளரை அதற்குள் ஒரு மணி நேரம் வேலை செய்ய வைப்பார்கள். முதன்மையே பித்தளை அளவுகோலுடன் வந்து தையலம்மாவின் முழங்கையை அளந்தார். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு விரற்கடை கழித்து, "முப்பது" என்றார். அட்டை மேடையை முப்பது அங்குலத்தில் வெட்டி நிறுத்தினார்கள்.

அவள் போய் நின்றாள். கை தானாக மேடைமேல் படிந்தது. தோள் இறங்கியது. இல்லாத காயை இல்லாத கத்தியால் நறுக்கிப் பார்த்தாள். அடுப்பிலிருந்து தொட்டிக்கு நடந்தாள், வெறுமனே நடந்தாள், ஏறாமல் இறங்காமல். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு சமையலறை அவளுக்காகக் குனிந்திருந்தது. அழுதுவிட்டாள்.

"மேடைய நாங்க உயர்த்துறதும் இல்ல, தாழ்த்துறதும் இல்ல" என்றார் முதன்மை. "அம்மாவோட முழங்கை சொல்லுது. நாங்க கீழ்ப்படியுறோம்."

இவர் நம்ம தொழில்காரர், என்று தையலம்மா நினைத்துக்கொண்டாள். தொங்கும் தோளைக்கூட மன்னித்துவிட்டாள். வீட்டுக்காரர் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்து, "சொன்னேன்ல" என்றார். அந்த நிமிடத்தில் அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் பின்னால் அதிகம் வலித்தது.

வேலை நடக்கும்போது வீட்டுப் பெண்மணி பார்க்கக் கூடாது என்பதும் மன்றத்தின் விதி. பார்த்தால் கருத்துச் சொல்லிவிடுவார்களாம். தையலம்மா தங்கை வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் மேற்பார்வைக்கு இருந்தார். தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். முதல் மாதம் அவர் சிமெண்ட், பலகை, திருகாணி பற்றிப் பேசினார். இரண்டாம் மாதம் பேச்சு மாறியது.

"அடிவானம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா உனக்கு?"

"வெளியில பாத்தா தெரியுமே."

"அது இல்ல. வீட்டுக்கு உள்ள ஒண்ணு இருக்கு. முதன்மை சார் என்னை உக்கார வச்சு ஒரு மணி நேரம் வெளக்குனாரு. என் அபிப்பிராயம் கேட்டாரு குட்டி. என் அபிப்பிராயம்."

அவர் குரலில் இருந்த சந்தோஷம் அவளையும் தொற்றிக்கொண்டது. முப்பத்து நான்கு வருடம் யாரும் எதுவும் கேட்காத மனிதர். கேட்கட்டும், என்று விட்டுவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை அவள் வீடு திரும்பினாள். உள்ளே தச்சர் ஒருவர் மட்டும் அலமாரிக் கதவுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறை அழகாகத்தான் இருந்தது. சன்னல் விளிம்பு, மேடை, கூடத்துச் சுவரில் பதித்த மரச்சட்டம் எல்லாம் வீடு முழுக்க ஒரே கோட்டில் ஓடின. அவள் மேடை அருகே போய் நின்றாள். மேடை அவள் நெஞ்சில் இடித்தது.

ஒன்றும் பேசாமல் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்தாறு. இன்னொரு மூலையில் அளந்தாள். முப்பத்தாறு. டேப் நைந்து போயிருக்கலாம் என்று தச்சரின் டேப்பை வாங்கி அளந்தாள்.

"எனக்குக் குடுத்த தாள்ல அப்படித்தாம்மா இருக்கு" என்றார் தச்சர். "மொதல்ல முப்பதுன்னுதான் வந்துச்சு. அப்புறம் மாத்தித் தாள் வந்துது. பாருங்க, ஐயா கையெழுத்து."

கையெழுத்து அவருடையதுதான். மீட்டர் அட்டைகளில் ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்து. கீழே நேர்க்கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்திருந்தார். சந்தோஷமாக இருக்கும்போதுதான் அவர் புள்ளி வைப்பார்.

"என்னங்க இது?" என்றாள், அப்போதுதான் உள்ளே வந்த வீட்டுக்காரரிடம் தாளை நீட்டி.

வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார், முதல் தடவை பார்ப்பவர்போல.

"அது வந்து, வீடு முழுக்க எல்லாம் ஒரே கோட்டுல ஓடணுமாம், முப்பதுல வச்சா அந்த அடிவானம் உடைஞ்சிடுமாம். உடைஞ்ச வீட்டுக்குத் தகடு கிடையாதாம். விதி அப்படி. நான் கேட்டுப் பாத்தேன்."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

அவர் தாளை நாலாக மடித்தார்.

"ஆறு அங்குலம்தானே குட்டி. நீதான் பழகினவளாச்சே. அந்தப் பலகையவே திருப்பி வாங்கிப் போட்டுக்கிட்டா..."

"பழகினவ" என்றாள் அவள். "ஆமா. நான் பழகுனதத்தான் நீங்க பாத்திருக்கீங்க."

பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தர்கிட்ட அளவெடுத்துட்டு வேற அளவுக்கு வெட்டினா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு எனக்குத் தூக்கமே வராது. தெரியாம வெட்டினதுக்கே அப்படி. நீங்க தெரிஞ்சே வெட்டியிருக்கீங்க."

மன்றத்துக்குப் போன் செய்தாள். புகார்களை எழுத்தில்தான் ஏற்பார்கள் என்றார்கள். எழுதி அனுப்பினாள். மன்றம் இதில் மட்டும் வேகமானது. மாலையிலேயே பதில் வந்துவிட்டது. 'அட்டை மாதிரி ஓர் உணர்வு அனுபவம் மட்டுமே. அது அளவு அல்ல. அதை அளவாக நம்பியது வாடிக்கையாளரின் சொந்த முடிவு. எனினும் தங்கள் முழங்கையை நாங்கள் ஆழ்ந்து மதிக்கிறோம்.'

விழா காலை பத்து மணிக்கு. தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஆண்டுப் பரிசுக்கான நடுவர்கள் மூவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புது மேடைமேல் தோல் அட்டை போட்ட மூன்று தடித்த தொகுதிகள் அடுக்கியிருந்தன. முதுகில் பொன்னெழுத்தில் 'கேட்டறிந்தவை' என்று இருந்தது. சுவரில், மேடைக்கு மேலே நல்ல உயரத்தில், எதையோ திரைபோட்டு மூடியிருந்தார்கள். வீட்டுக்காரர் புதுச் சட்டையில், மனைவியின் பக்கம் பார்க்காமல் நின்றார்.

முதன்மை பேசத் தொடங்கினார்.

"அன்பர்களே. உலகம் ஆளுக்கு ஏற்ற சமையலறையைத் தேடுகிறது. அது எளிது, எந்தத் தச்சரும் செய்துவிடுவார். சமையலறைக்கு ஏற்ற ஆளை உருவாக்குவதே கலை. நாங்கள் வாடிக்கையாளரைக் கேட்கிறோம். மூன்று நாள் கேட்கிறோம். வேறு எந்த நிறுவனமும் இவ்வளவு கேட்டுவிட்டு இவ்வளவு உறுதியாகத் தன் முடிவில் நின்றதில்லை."

கைதட்டினார்கள்.

"இந்த அம்மையாரின் வலியிலிருந்து பிறந்ததுதான் இந்த மேடை" என்று சொல்லி முதன்மை மூன்றாம் தொகுதியைத் திறந்தார். படித்தார். எண்ணெய் காய்ந்ததை, தவழ்ந்ததை, கரண்டிக் காம்பை, கால் மணி நேரத்தை. 'டீ ஆச்சா?' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு நடிகரைப்போல் நிறுத்தினார். நடுவர்களில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். தெருக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. கடைசி வரிசையில் கேட்பாளர் தலை குனிந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரை முதலில் வெறுப்பது என்றுகூடத் தையலம்மாவுக்குத் தெரியவில்லை. சொன்னவள் தான்தானே என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

முதன்மை திரையை விலக்கினார். உள்ளே அவளுடைய பலகை. கண்ணாடிச் சட்டத்துக்குள், விளக்குப் போட்டு, சுவரில் பொருத்தியிருந்தார்கள். கீழே 'ஓய்வு பெற்றது. தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"இனி இந்த அம்மையாருக்குப் பலகை தேவையில்லை. இப்போது அவர் முதன்முதலாக அடுப்பை ஏற்றி, நடுவர்களுக்குத் தேநீர் தருவார்."

தையலம்மா மேடை அருகே போனாள். பின்னால் இருந்தவர்களுக்கு அவள் தலைமுடியும் இரண்டு கைகளும்தான் தெரிந்தன. அடுப்புக் குமிழுக்குக் கை எட்டியது. பின் அடுப்புக்கு எட்டவில்லை. கெட்டில் எட்டவில்லை.

"என்னங்க" என்றாள். திரும்பவில்லை. "அந்தப் பலகைய எடுத்துக் குடுங்க."

அவருக்குக் கை நீட்டினால் எட்டும். அவர் நெடியவர். நீட்டவும் செய்தார். சட்டத்தின் ஓரத்தில் விரல் படும்போது முதன்மையின் முகத்தைப் பார்த்தார். முதன்மை லேசாகத் தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோல.

"படைப்புங்க அது. பரிசு நம்பர் ஒட்டியிருக்கு."

வீட்டுக்காரரின் கை கீழே இறங்கியது.

அவ்வளவுதான். கதையெல்லாம் கேட்ட பிறகும், தெருவே பார்க்கிறபோதும், அந்தக் கை இறங்கியது. தையலம்மா மேடையின் பளபளப்பில் அதைப் பார்த்தாள். முப்பது வருடமாக நம்பியது ஒரு மனிதரையா, அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையா என்று அவளுக்கு அப்போது குழப்பமாக இருந்தது.

பிறகு மேடையிலிருந்த மூன்று தொகுதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். தையற்காரியின் கண் அது, அளக்கத் தேவையில்லை. ஆறு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். தோல் அட்டை வழுக்கவில்லை. அவள் சொன்னதையெல்லாம் மன்றம் முழுக்கக் கேட்டு, தடிமனாகக் கட்டி வைத்திருந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது.

தண்ணீர் வைத்தாள். தூள் போட்டாள். பால் ஊற்றினாள். ஒரே ஒரு கோப்பையில் ஊற்றி, அடுப்பை அணைத்து, இறங்கி, கோப்பையோடு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"நடுவர்களுக்கு?" என்றார் முதன்மை.

"இந்த மேடை அவரு உயரத்துக்குத்தான் கச்சிதமா இருக்கு" என்றாள் அவள், வீட்டுக்காரரைக் காட்டி. "அளவு அவருக்கு எடுத்தது. அவரு போடுவாரு."

நடுவர்கள் கலந்து பேசினார்கள். வாடிக்கையாளரின் வார்த்தைகளை வாடிக்கையாளருக்கே அடித்தளமாக்கிய துணிச்சலுக்காக அந்த ஆண்டின் முதல் பரிசு மன்றத்துக்கு வழங்கப்பட்டது. அது திட்டமிட்டதுதான் என்று முதன்மை ஏற்புரையில் சொன்னார். மறு மாதத்திலிருந்து மன்றம் எல்லாத் தொகுதிகளையும் இரண்டு அங்குலத் தடிமனில் தயாரிக்கத் தொடங்கியது. வாசலில் தகடும் அடித்தார்கள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் சமையலறையில் நின்றார். மேடை அவர் முழங்கைக்குக் கீழே சரியாக நாலு விரற்கடையில் இருந்தது. கைப்பிடி இல்லாத பதினெட்டுக் கதவுகளில் எதற்குள் தேயிலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை அழுத்தினார், வேறொன்று திறந்தது. ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"குட்டி" என்று கூப்பிட்டார். "அன்னிக்கு எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கேக்கலன்னு சொல்லல. பூனையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

கூடத்தில் தையலம்மா ஒரு குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். அந்த வீட்டில் பூனை இருந்ததே இல்லை. பாத்திரம் உருண்டு நிற்கும் வரை காத்திருந்தாள்.

"டீ ஆச்சா?" என்றாள்.